ராசியும் பூதமும்

கொச்சிவாழ் தமிழர் பெண்ணுக்கு வரன் தேடுங்கால், மேஷம், சிம்மம், தனுசு ஆகியவை நெருப்பு ராசிகள். ஆகவே பெண் முன்கோபி எனச் சிலர் ஒதுக்குவதுண்டு. கடகம், விருச்சிகம், மீனம் நீராதலின் இளகிய மனமாம். நிலத்துக்குப் பொறுமை, காற்றுக்கு அறிவுத்துடிப்பு.

நம் மரபிற் பூதங்கள் ஐந்தல்லவா? வானம் எங்கே? வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் பூதங்களைக் கோள்களுக்கு வகுத்தார்: செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நிலம், வியாழனுக்கு வானம், சுக்கிரனுக்கு நீர், சனிக்குக் காற்று. ராசிகளை நான்காகப் பகுப்பது கிரேக்க மரபு; கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான வெட்டியஸ் வாலன்ஸ் அதனை எழுதியுள்ளார். கொச்சிக்கு வடக்கே முசிறியில் யவனர் மிளகு வாங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே!

குணத்தைப் பிறந்த ராசி காட்டுமா? 1985இல் 'நேச்சர்' இதழில் கார்ல்சன் வெளியிட்ட சோதனையில், மேலைநாட்டுச் சோதிடர்கள் சாதகங்களை உளவியல் விவரங்களோடு பொருத்தினர். குருட்டாம்போக்கிற் பொருத்தினும் அவ்வளவே தேறியிருக்கும்.