மகள் களைத்துப்போவது ஏன்?

பெண்களின் சுகாதாரம் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவியர் கேட்டிருந்தார்கள். எழுத எத்தனையோ விடயங்கள் உண்டு. நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிவரும் உம்மாமாரிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு அது: “இவள் சரியான சோம்பேறி டொக்டர். ஸ்கூல் விட்டு வந்தா படுக்கைதான். புத்தகத்தைத் தொட்டா நித்திரை வருதாம்.” பக்கத்தில் பத்தாம், பதினோராம் தரத்தில் படிக்கும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். நான் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் பலருக்கு வெளிறியிருக்கும். சோம்பேறிப் பிள்ளைகளும் இல்லாமலில்லை. ஆனால் ஏசுவதற்கு முன் ஒரு குருதிப் பரிசோதனை செய்துவிடுவது நியாயம்.

குருதிச்சோகை என்பதை நீங்கள் விஞ்ஞான பாடத்தில் படித்திருப்பீர்கள். செங்குழியங்களில் உள்ள ஈமோகுளோபின்தான் ஒட்சிசனை உடலெங்கும் கொண்டுபோகிறது. அதைச் செய்ய இரும்பு வேண்டும். வளர்ந்த பெண்பிள்ளைக்கு ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை என்கிறோம். கர்ப்பிணிக்கு அந்த எல்லை 11. பாடப்புத்தகத்தில் அதிகம் சொல்லப்படாத ஒன்று, ஈமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம் என்பதுதான். அதற்கு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு காலியாகிவிடும். அப்போதே களைப்பும் கவனக் குறைவும் தொடங்கிவிடலாம். படிப்படியாகக் குறைவதால் உடலும் பழகிப்போகிறது. ஈமோகுளோபின் 8 உள்ள பிள்ளை, “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டு நடந்து வருவாள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடப்பதும், முடி கொட்டுவதும், வாயின் ஓரம் வெடிப்பதும் அவளுக்கு வழமையாகிப் போயிருக்கும்.

இன்னோர் அறிகுறியைச் சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். பச்சை அரிசியை அள்ளிச் சப்புவது, ஐஸ்கட்டியை ஓயாமல் கடிப்பது, சுண்ணக்கட்டி தின்ன ஆசைப்படுவது. இதைக் கெட்ட பழக்கம் என்று அடித்துத் திருத்தப் பார்ப்பார்கள். இரும்புக் குறைபாட்டோடு இது சேர்ந்து வருவது வைத்தியத்தில் நன்கு தெரிந்த ஒன்று. இரும்பு கொடுத்தால் பெரும்பாலும் அந்த ஆசை தானாகவே விட்டுப்போகும்.

பெண்பிள்ளைகளுக்கு ஏன் இது கூடுதலாக வருகிறது? ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். சாதாரண மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலீற்றர் குருதி போகும். ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆகவே மாதத்துக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இழப்பு. உணவில் உள்ள இரும்பில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவே உடலில் சேரும் என்பதால், நல்ல சாப்பாட்டிலிருந்தும் நாளொன்றுக்கு 1 அல்லது 1.5 மில்லிகிராமே கிடைக்கிறது. வளர்ச்சிக்கும் அன்றாடத் தேவைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் ஓடிவந்து, இடைவேளையில் ரோல்ஸ் ஒன்றோடு சமாளிக்கும் பிள்ளையின் கணக்கு எங்கே போய் நிற்கும்?

மாதவிடாய் கூடுதலாகப் போகும் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். இதுபற்றி வீட்டில் பேசுவதில்லை. எவ்வளவு போவது சாதாரணம் என்று பிள்ளைக்கும் தெரியாது. “எனக்கும் இப்படித்தான் போனது” என்று உம்மா சொன்னால் கதை அத்தோடு முடிந்துவிடும். உம்மாவுக்கும் அது கூடுதலாகவே போயிருக்கலாம் அல்லவா? ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தால், ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை துணி மாற்ற வேண்டியிருந்தால், இரவில் எழும்பி மாற்ற நேர்ந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய அளவு. பெரிய பிள்ளையான முதல் மாதவிடாயிலிருந்தே அப்படிப் போகிறதென்றால், குருதி உறைவதில் பிறவிக் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்ப்போம். அடிக்கடி மூக்கால் குருதி வருவது, பல் பிடுங்கிய பின் நிற்காமல் வடிவது போன்றவை அப்பிள்ளைக்கோ குடும்பத்தில் வேறு யாருக்குமோ உண்டென்றால் மறக்காமல் சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. வாப்பா பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை வாய் திறக்கமாட்டாள் என்பதால், அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் கேட்பதுண்டு.

சாப்பாட்டுக்கு வருவோம். சிவப்பான பொருளெல்லாம் இரத்தம் ஊறவைக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பலமாக இருக்கிறது. பீட்றூட், மாதுளை, பேரீச்சம்பழம் என்று செலவழிக்கிறார்கள். நல்ல உணவுதான். ஆனால் 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம். பீட்றூட்டில் அதிலும் குறைவு. கோழி ஈரலிலோ அதே எடையில் 9 மில்லிகிராம் அளவில் உண்டு. மாட்டிறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேரும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி உண்ண வேண்டாம், அதில் விற்றமின் ஏ மிக அதிகம். கீரை, பருப்பு, கௌபி, பயறு ஆகியவற்றின் இரும்பு சேர்வது கடினம். அதற்கு விற்றமின் சி கைகொடுக்கும். கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விடுவது, பின்னால் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுவது போதும்.

இதையெல்லாம் செய்துவிட்டுக் கை கழுவிய கையோடு ஒரு பிளேன்டீ குடித்தால், கீரை பருப்பிலிருந்து வரவிருந்த இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிவிடலாம். தேயிலையில் உள்ள தனின்கள் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. தேநீரை விடச் சொல்லி இந்த நாட்டில் யாரிடம் சொல்வது? நானே விடமாட்டேன். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள், அவ்வளவுதான். நோன்புக் கஞ்சியோடு தேநீர் குடிக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

அடுத்தது மாத்திரை. குருதிச்சோகை வந்த பின் சாப்பாட்டால் மட்டும் அதை ஈடுசெய்ய முடியாது, இரும்பு மாத்திரை வேண்டும். கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அலுமாரியில் அப்படியே இருப்பதை மருத்துவமாது வீட்டுக்குப் போகும்போது காண்கிறார். காரணம் கேட்டால், “வயிற்றைப் பிரட்டுது, மலம் கறுப்பாகப் போகுது” என்பார்கள். மலம் கறுப்பது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றுப் பிரட்டல் உண்மையான தொல்லை. இரவு படுக்கும்போது எடுத்தால் பலருக்குக் குறையும். ஒன்றைவிட்டு ஒரு நாள் எடுப்பதும் சிலருக்குப் போதுமானது, அதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். விற்றமின் சி மாத்திரையை இரும்போடு சேர்த்துத்தான் தருகிறோம். கல்சியத்தை வேறொரு நேரத்தில் எடுக்க வேண்டும். நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்து தூங்கப் போகும் நேரம் இரும்புக்கு வசதியானது. ஈமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் வேண்டும்.

பாடசாலையில் வாரத்துக்கொருமுறை தரும் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பிள்ளைப்பேற்றைத் தடுப்பதற்கு என்றொரு கதை உலவுவதைக் கேட்டிருக்கிறேன். அதில் இருப்பது இரும்பும் போலிக் அமிலமும். போலிக் அமிலம் கருவிலுள்ள குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் ஒழுங்காக உருவாக உதவுவது. ஆகவே கதை நேர்மாறானது. உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரும்பு மாத்திரையைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பு என்று நினைத்து ஒரு பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இனி, எல்லா வெளிறலும் இரும்புக் குறைவு அல்ல. மாதக்கணக்காக மாத்திரை எடுத்தும் ஈமோகுளோபின் ஏறாத பிள்ளைகள் உண்டு. முழுக் குருதிப் பரிசோதனையில் செங்குழியங்கள் சிறியவையாக இருக்கும், ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் சரியாக இருக்கும். அப்போது தலசீமியா காவியா என்று பார்க்க வேண்டும். காவி நோயாளி அல்ல. படிப்பார், வேலை செய்வார், பிள்ளை பெறுவார். அவருக்குத் தேவையில்லாமல் இரும்பு கொடுத்துக்கொண்டிருப்பது நல்லதல்ல. சிக்கல் வருவது காவி ஒருவர் இன்னொரு காவியை மணமுடிக்கும்போதுதான். அவர்களுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடும் தலசீமியா உள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கு மாதாமாதம் குருதி ஏற்ற வேண்டும். ஏற்றிய குருதியால் உடலில் தேங்கும் இரும்பை அகற்ற வாழ்நாள் முழுக்க மருந்தும் வேண்டும். அந்த வார்டில் வளரும் பிள்ளைகளையும் அவர்களோடு கட்டிலருகே இருக்கும் உம்மாமாரையும் பார்த்திருக்கிறேன்.

நம்மிடையே மச்சான் மச்சாள் திருமணங்கள் சாதாரணம். ஒரே குடும்பத்தில் ஓடும் குறைபாடு இருவரிடமும் இருக்க வாய்ப்புக் கூடுதல். அதற்காகச் சொந்தத்தில் முடிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பேச்சுத் தொடங்குமுன் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். மண்டபம் பதிந்து, உடுப்பு எடுத்த பின்பு அறிக்கையைக் கொண்டுவந்து “இப்போது என்ன செய்வது?” என்று கேட்டால் யாராலும் மனநோகாமல் பதில் சொல்ல முடியாது. உயர்தரம் எழுதி முடித்த விடுமுறை இதற்கு நல்ல நேரம். கையிலிருந்து சிறிதளவு குருதி எடுத்தால் போதும். குருநாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையத்தில் இப்பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். தூரத்தில் இருப்பவர்கள் தமது பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், கிட்டிய இடத்தைச் சொல்வார்கள். ஆண்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.