சிறு பாம்பும் பெருங்கேடும்

சிறு பாம்பானாலும் பெருந்தடி கொண்டு அடி என்பது நம் முன்னோர் வாக்கு. உருவம் சிறிதென்று ஆபத்தை அலட்சியம் செய்யலாகாது என்பதே அதன் உட்பொருளென நாம் கருதுகிறோம். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையில் இதற்குச் சாட்சியாக விளங்குவது சுருட்டை விரியன்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குமே நம் தேசத்தில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணமானவை. இவற்றுள் மிகச் சிறியது சுருட்டையே. இரண்டடிக்கு மேல் வளர்வது அரிது. மண்ணின் பழுப்பு நிறமும், தலையில் அம்பு முனை போன்ற வெளிர் குறியும் உடையது. கல்லும் முள்ளும் மண்டிய வறண்ட பூமியே அதற்கு உவப்பு. பகலில் கல்லிடுக்கில் ஒடுங்கி, இரவில் தேள், பூரான், பல்லி, சுண்டெலிகளைத் தின்று திரியும். முட்டையிடாது, குட்டி ஈனும். சினங்கொண்டால் உடலைச் சுருட்டிப் பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பது போன்ற ஓசை எழுப்பும். மூச்சின் ஈரத்தைச் சீறி வீணாக்காதிருக்கவே இவ்வழக்கம் ஏற்பட்டதென அறிஞர் சிலர் ஊகிப்பர்.

இதன் விஷம் இரத்தம் உறையும் சக்தியை அழிப்பது. கடிவாயில் எரிச்சலும் வீக்கமும் தோன்றும். ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் காண்பதோ சில மணி நேரம் கழிந்தோ, மறுநாளோ ஆகலாம். இந்தத் தாமதமே எமன். ‘சின்னப் பாம்புதானே’ என்று பச்சிலை கட்டிக்கொண்டு களையெடுக்கத் திரும்புவோர் எத்தனை பேர்! சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து 20 நிமிஷம் அசையாது வைத்துச் சாய்த்துப் பார்த்தால், அது உறைந்ததா என்பது தெரிந்துவிடும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

மாற்று மருந்தும் நம்மவர் உழைப்பால் கிடைப்பதே. 1978இல் தோன்றிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கின்றனர்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனரென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். வெறுங்காலுடன் பருத்தி எடுப்பவரும் விறகு பொறுக்குபவருமே இவ்விஷத்துக்கு இலக்காகின்றனர். 2030க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024இல் திட்டம் வகுத்தது. அவ்வாண்டே தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இவை நன்றே. ஆயினும் ஏட்டிலுள்ள திட்டம் எவர் உயிரையும் காக்காது. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் இரவிலும் மருந்தும், அதைச் செலுத்தவல்ல மருத்துவரும் இருத்தல் வேண்டும்.

ஊர்த் தொண்டர்களுக்கு நாம் கூறுவது ஒன்று. கடிவாயைக் கீறாதீர், உறிஞ்சாதீர், இறுகக் கட்டாதீர். கடிபட்ட உறுப்பை அசையவிடாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். காலுக்குச் செருப்பும் கைக்கு விளக்கும் வேண்டுமென்று வீடுதோறும் சொல்லுங்கள். ஏழை உழவனின் உயிரைக் காப்பதினும் மேலான தேசத்தொண்டு வேறு யாது?