வீடு வாங்குமுன் இரண்டு கேள்விகள்

முடிச்சூர்ப் பக்கம் வீடு வாங்க உத்தேசித்திருக்கும் சகோதரிகளே! வர்ணப் படத்தைக் கண்டு மயங்குமுன், அக்கம்பக்கத்துப் பெண்களிடம் ஒன்று கேளுங்கள்: "2015 வெள்ளத்தில் தண்ணீர் எத்தனை படி ஏறியது?" அந்த டிசம்பரில் அடையாறு பெருகி, இவ்வூர்த் தெருக்களில் படகு விடும்படி ஆயிற்று. விற்க வருகிறவர் இதைத் தாமே வாய் திறந்து சொன்னால், அவர் யோக்கியர்.

கட்டுகிறவர்களின் பேச்சுக்கும் பணத்துக்கும் 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. பதிவு பெற்ற திட்டமா என்று முதலில் பாருங்கள். எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து பதிவு செய்யாமல், விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. நீங்கள் கட்டும் தொகையில் நூற்றுக்கு 70 பங்கு, அந்த வேலைக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலை நிலவரத்தை வெளியிட வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டால் ஈடு கேட்கலாம்.

சட்டம் இருக்கட்டும். மழை, ஆள் பஞ்சம் என்று எந்த வேலையும் தாமதப்படக் கூடியதே. ஆகவே, அவர் முன்பு கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்களிடம் இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்: "தாமதமானபோது அவரே வந்து சொன்னாரா, நீங்கள் தேடி அலைந்தீர்களா?"

நகையை விற்றுக் கொடுக்கும் பணம் அல்லவா? பதிலைக் கேட்ட பிறகே கொடுங்கள்.