உழுத வயலில் அம்புமுனை தேடுவோர்

அமெரிக்காவின் ஒஹையோ, மிசௌரி போன்ற மாநிலங்களில் உழுது போட்ட வயலில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் சிலருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சால் சாலாக நடப்பார்கள். அந்த மண்ணின் பழங்குடிகள் கல்லில் செதுக்கிய அம்புமுனைகளைத் தேடும் நடை அது. உழவு மண்ணைப் புரட்டுகிறது, மழை கல்லைக் கழுவிக் காட்டுகிறது. ஓடைக்கு அருகே, வெள்ளம் ஏறாத மேடுகளில்தான் அன்றைய மக்கள் தங்கினார்கள் என்பதால் அனுபவசாலிகள் அங்கேதான் முதலில் போவார்கள்.

கூராக இருக்கும் கல்லெல்லாம் மனிதன் செய்ததல்ல. சிக்கிமுக்கி, செர்ட், எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் ஆகியவை கண்ணாடியைப் போலவே உடைபவை. தட்டிய இடத்தில் சிறு புடைப்பும், அதைச் சுற்றிச் சிப்பி ஓட்டில் தெரிவதுபோன்ற வளைவரிகளும் தோன்றும். உருண்டைக் கல்லாலும் மான்கொம்பாலும் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்து, கடைசியில் கொம்பு நுனியால் அழுத்தி விளிம்பைக் கூராக்குவார்கள். இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சில்லு பெயர்ந்த தழும்புகள் இருந்தால் அது மனிதக் கை பட்டது என்று சொல்லலாம். கலப்பை மோதி உடைந்த கல்லில் அந்த ஒழுங்கு இருக்காது.

‘அம்புமுனை’ என்று பெட்டியில் சேர்த்து வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை அம்பில் பொருத்தப்பட்டவையே அல்ல. அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு வில் வந்து சுமார் 1,500 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள் மக்கள் ஈட்டியையும், கொக்கி வைத்த கட்டையால் உந்தி எறியும் சிறு ஈட்டியையுமே வேட்டைக்கு நம்பியிருந்தார்கள். உள்ளங்கை நீளம் இருக்கும் முனைகள் அந்த ஈட்டிகளுக்கு உரியவை. உண்மையான அம்புமுனை சிறியது, மெல்லியது. அந்தச் சிறிய முனைகள் பறவை வேட்டைக்கென்றே செய்யப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மானை வீழ்த்தவும் அவையே போதும்.

வயதைச் சொல்வது பெரும்பாலும் அடிப்பகுதிதான். நுனி மழுங்கும், உடையும், மறுபடி தீட்டப்படும். தண்டில் கட்டப்பட்ட அடிப்பகுதியோ அந்தந்தக் காலத்தின் வழக்கத்தைக் காட்டும். அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு பள்ளம் ஓடி, பாதிக்குள் நின்றுவிட்டால் அது ஏறத்தாழ 13,000 ஆண்டுப் பழமையான குளோவிஸ் வகையாக இருக்கலாம். பள்ளம் ஏறக்குறைய நுனிவரை போனால், அதற்குச் சற்றுப் பிந்திய ஃபால்சம் வகை. பக்கங்களில் வெட்டு விழுந்த சிறு முக்கோணம், சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் செழித்த கஹோகியா நகரத்தின் காலத்தது. கல் எங்கிருந்து வந்தது என்பதை அறிய அதன் நிறமும் துணைக்கு வரும். வடக்கு டகோட்டாவின் ‘நைஃப் ரிவர்’ பழுப்புக் கல் ஒஹையோவில் கிடைத்திருப்பதால், அது எவ்வளவு தூரம் கைமாறி வந்தது என்பது தெரிகிறது.

இத்தனையையும் விட முக்கியமானது கல் கிடந்த இடம். 1908ஆம் ஆண்டு நியூ மெக்சிகோவின் ஃபால்சம் ஊரைப் பெருவெள்ளம் தாக்கியது. அதன் பிறகு ஜார்ஜ் மெக்ஜங்கின், வெள்ளம் அரித்த ஓடைக்கரையில் ஆழத்தில் பெரிய எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அடிமையாகப் பிறந்து, மாட்டுப்பண்ணை மேற்பார்வையாளராக உயர்ந்தவர் அவர். அவை சாதாரண மாட்டெலும்பு அல்ல என்று உணர்ந்து பலரிடமும் சொல்லிப்பார்த்தார். 1922இல் அவர் இறக்கும்வரை யாரும் அங்கே தோண்டவில்லை.

1926இல் டென்வர் அருங்காட்சியகம் தோண்டத் தொடங்கியது. எலும்புகளோடு கல்முனைகள் கிடைத்தன, ஆனால் அவை மண்ணிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டிருந்தன. பின்னாளில் மேலிருந்து விழுந்திருக்கலாம் என்று அறிஞர்கள் ஐயப்பட்டார்கள். அடுத்த முறை முனை தென்பட்டால் அசைக்காமல் விடும்படி உத்தரவு போனது. 1927 ஆகஸ்டில், அழிந்துபோன காட்டெருமை இனத்தின் விலா எலும்புகளுக்கிடையே ஒரு முனை பதிந்திருந்தது. ஆய்வாளர்கள் நேரில் வந்து, அது இருந்த இடத்திலேயே பார்த்தார்கள். பனியுகத்தின் இறுதியிலேயே அமெரிக்காவில் மனிதர் வேட்டையாடினர் என்பது அத்துடன் உறுதியானது. அதே முனையை எவராவது பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டிருந்தால் அந்தச் சாட்சி கிடைத்திருக்காது.

அதனால்தான் பொறுப்பான தேடுபவர்கள் மண்ணைத் தோண்டுவதில்லை. தேதி, வயல், கிடந்த இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், மாநிலத் தொல்லியலாளருக்குத் தெரிவிக்கிறார்கள். தேசியப் பூங்காக்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. கூட்டாட்சி அரசின் நிலத்திலும் பழங்குடிகளின் நிலத்திலும் அனுமதியின்றித் தோண்டுவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கல்லறைகள் அப்பழங்குடிகளின் முன்னோருடையவை என்பதால் அந்தப் பக்கமே போகலாகாது.

தென்தமிழகத்தின் செம்மணல் தேரிகளிலும் இப்படிப்பட்ட சிறு கற்கருவிகள் மேற்பரப்பில் கிடக்கின்றன. படிகக்கல்லிலும் செர்ட்டிலும் செய்த அந்த நுண்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் இருவரும் 1956இல் எழுதினார்கள். அங்கே ஒரு முனையைக் கண்டால், தொடாமல் படமெடுத்து இடத்தைக் குறித்து மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புவதே அந்தக் கல்லுக்குச் செய்யும் நியாயம்.