வீடு திரும்பும் நாளில் ஒரு மணி நேரம்

"இருதயம் பலவீனமாகிவிட்டது" என்று மருத்துவர் சொன்னதும், அது நின்றுவிடப் போகிறதோ என்று வீட்டார் கலங்குவர். அப்படியன்று. இருதயச் செயலிழப்பு என்பது, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இருதயத்தால் செலுத்த இயலாத நிலையாகும். இதனால் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் உடலிலேயே தேக்கி வைக்கின்றன. கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

ஆஸ்பத்திரியில் நீர் பிரிவதற்கான மருந்து கொடுத்ததும் நோயாளி தேறி வீடு திரும்புகிறார். ஆனால் சில வாரங்களிலேயே பலர் மீண்டும் அதே கட்டிலுக்கு வருகின்றனர். ஏன்? நோய் முற்றுவது ஒரு காரணம். மாத்திரையை நிறுத்திவிடுவது, உப்பைக் குறைக்காதது, அபாய அறிகுறியை அறியாதது ஆகியவை மற்றக் காரணங்கள். இவற்றைக் கற்பித்தலால் களையலாம் அல்லவா?

அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 282 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1995-இல் வெளிவந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் வழக்கமான சிகிச்சை பெற்றனர். மற்றவர்களுக்குத் தாதியின் போதனையும், உணவு ஆலோசனையும், வீடு திரும்பிய பின் தொடர்ந்த கவனிப்பும் சேர்ந்து கிடைத்தன. 90 நாட்களில் இந்நோய்க்காக முதற் குழுவினரை 54 முறையும், இரண்டாம் குழுவினரை 24 முறையுமே மறுபடி சேர்க்க நேர்ந்தது. 2005-இல் வெளிவந்த மிச்சிகன் ஆய்வில், வீடு திரும்பும் வேளையில் தாதி ஒரு மணி நேரம் தனியே அமர்ந்து கற்பித்தார். அடுத்த ஆறு மாதங்களில் மறுசேர்க்கை அல்லது மரணம் நேரும் அபாயம் 35 விழுக்காடு குறைந்தது. எல்லா ஆய்வுகளும் இவ்வாறு முடியவில்லை. 1,023 பேரைக் கொண்ட நெதர்லாந்து ஆய்வில் (2008) குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. ஆகவே கற்பித்தல் மருந்துக்கு மாற்றன்று, துணையே.

கற்பிக்க வேண்டியவை எளியவை. நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையன்று, நீர்! அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை விலக்க வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை விழுங்கலாகாது.

"புரிந்ததா?" என்று கேட்டால் எவரும் தலையாட்டிவிடுவர். "எடை கூடினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லவைப்பதே சிறந்த முறை. நம் ஆசிரியைகள் பாடம் ஒப்பிக்கச் சொல்வதும் இதற்காகத்தானே!

தோழியரே, உங்கள் வீட்டுப் பாட்டிக்கு இந்நோய் இருக்கலாம். கண் மங்கிய அவருக்கு எடைப்பொறியின் எண் தெரியாமற் போகலாம். உங்களுக்குத் தெரியுமே! பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் தினமும் அந்த எண்ணை எழுதி வாருங்கள். பள்ளிக்குப் புறப்படுமுன் ஒரு நிமிடம் போதும். பாட்டி மீண்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகாமல் தடுக்க அதுவும் உதவும்.