நரைத்த தலைக்குச் சாயம் பூசலாமா?

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களில் நாற்பதைத் தாண்டியவர்களும் உண்டு. உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பார்கள். பிடித்த இறாலைப் பறியில் போடுவார்கள். மேலே வெயில், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் வேறு! தோல் சீக்கிரம் சுருங்கிவிடும். உழைப்புத்தான் முகத்தில் ஏறியிருக்கிறது.

அப்படிப்பட்டவர், கல்யாண வீட்டுக்குப் போகும்போது நரைக்குச் சாயம் பூசி, பூ வைத்து, பளிச்சென்று சேலை கட்டினால் ஊர் சிரிக்கலாமா? கூடாது. அவர் பணம், அவர் ஆசை.

சாயத்தில்தான் கவனம் தேவை. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் 'பாராபினைலீன்டையமின்' என்ற ரசாயனம் இருக்கிறது. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பு எடுக்கும், முகம் வீங்கும். ஆகவே, பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடம் தடித்தால், சாயத்தைத் தொடவே கூடாது.

பச்சை மருதாணியை அரைத்துப் பூசலாம். நரை சிவக்கும், கறுக்காது.