எம்பிப் பாய்தலும் பயிற்சியும்

கூடைப்பந்தாட்டத்தில் வளையம் தரையினின்று 10 அடி உயரத்தில் உளது. உயரம் குறைந்த மாணவன் பயிற்சியினால் எவ்வளவு மிகுதியாக எம்ப இயலும் என ஆராய்வோம்.

சுவரருகே நின்று கையுயர்த்தி ஒரு கோடிடுக. எம்பிப் பாய்ந்து மற்றொரு கோடிடுக. இடைப்பட்ட தூரமே பாய்ச்சலின் அளவு. இரண்டு மூன்று மாதப் பாய்ச்சற் பயிற்சியினால் இவ்வளவு பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 10 வீதம் உயரும். 20 அங்குலம் பாய்பவன் ஓரிரண்டு அங்குலம் மிகுதியாகப் பெறுவான். சிறிதெனினும், வளையத்திற்பட்டு மீளும் பந்தைப் பற்றுவோனையும் தவறவிடுவோனையும் பிரிப்பது அதுவேயாகும்.

முழங்கால் மடித்துத் தாழ்ந்து, தாமதியாது எழுங்கால், இழுபட்ட தசையும் நாரும் வில்லென மீள்கின்றன. அவ்விரைவையே பயிற்சி வளர்க்கின்றது. பாரந்தூக்கிக் கால்வலிமை பெருக்குதல் அதற்குத் துணை. வாரத்தில் இரண்டு மூன்று நாட்களே போதும். இடையில் ஓய்வு வேண்டும். மிகையான பயிற்சி முழங்காலைக் கெடுக்கும். தொடங்குவோர்க்கு மட்டக்குளிக் காக்கைதீவுக் கடற்கரை மணல், கற்றரையினும் நன்று.

ஓடிவந்து உயரம் பாய்தல் வேறெனினும், அதற்கும் பொறுமையே முதல். 1952இல் ஒலிம்பிக்கிற் பங்குபற்றிய யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958இலேயே டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்குத் தங்கப்பதக்கம் ஈட்டினார். பிறப்பு எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைவரை செல்வது நம் முயற்சியின் பாற்பட்டது.